முதலாளி கண்ட மூடுபனி

பணம் இருக்கிற இடத்தில் கண்ணும் இருக்க வேண்டுமா என்ன? நாகர்கோவில் பொன்னையா முதலாளி ஒரு சீமைப் படத்தை ஏலத்தில் எடுத்து வந்து கூடத்தில் மாட்டினார். பாறைக் கடற்கரையில் அலை மோதுகிற படம். கிட்டே போனால் வெறும் சாயத் தீற்றல், தள்ளி நின்றால் கடல்.

வேலைக்காரி அமலியைக் கூப்பிட்டார். "இதுல கையோ துணியோ படப்பிடாது, ஊதவும் கூடாது. ஆனா தூசி கண்டேன்னா, உனக்கு வேலை கிடையாது."

"தொடாம எப்படித் துடைக்க முதலாளி?"

"அது உன் பாடு."

அமலி தொடவில்லை. மாதங்கள் போயின. வந்தவர்களிடமெல்லாம் முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பாறை மேல மூடுபனி தெரியுதா? அதுக்குத்தான் காசு. அதப் பாக்கத் தனிக் கண்ணு வேணும்."

ஒருநாள் விருந்துக்கு வந்த ஓவிய டீச்சர் படத்தின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். "எவ்வளவு தூசி."

முதலாளிக்கு முகம் கறுத்தது. "ஏட்டி அமலி, மூட்டையக் கட்டு."

அமலி தலை நிமிரவில்லை. "கட்டுதேன் முதலாளி. எனக்கும் தூசி மாதிரிதான் பட்டுது. ஆனா வர்ற ஆளுக்கெல்லாம் நீங்க மூடுபனின்னு சொன்னீங்க. தனிக் கண்ணு இல்லாத நான் அதத் தூசின்னு சொல்ல முடியுமா?"

டீச்சர் கைக்குட்டையால் மெல்ல ஒற்றினாள். பாறையில் பளீரென்று வெயில் அடித்தது. அழுக்குக் கைக்குட்டையை முதலாளி கையில் கொடுத்தாள். "உங்க மூடுபனி. பத்திரமா வச்சிக்கிடுங்க."

அமலி மூட்டை கட்டவில்லை. அவளை அனுப்பினால் மூடுபனிக் கதையும் கூடவே தெருவில் இறங்கிவிடும். அதைப் பார்க்க மட்டும் முதலாளிக்குக் கண் இருந்தது.