வாசலில் நின்ற காட்டேரி

பாளையங்கோட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எழுந்த வழக்கு இது. கேட்டு முடித்ததும் தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மரியசூசை ரயில்வே கேட் கீப்பர். வயது ஐம்பத்திரண்டு. நாங்குநேரிக்குத் தெற்கே, பொட்டல் நடுவில் அவருடைய கேட். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது, மகள் கத்தாரில். கேட்டில் காத்து நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்களே தவிர அவரோடு பேசமாட்டார்கள். ஒருநாள், கேட் திறந்ததும் கிளம்பிப்போன ஒரு ஜீப்பிலிருந்து பெட்டி ஒன்று விழுந்தது. உரியவர் தேடி வருவார் என்று நான்கு மாதம் பத்திரமாக வைத்திருந்தார். யாரும் வரவில்லை. திறந்து பார்த்தார். 'காட்டேரி வாசல்' என்ற அட்டை விளையாட்டு. இரண்டு பேர் ஆடுவதற்கான அட்டைகளும் ஒரு விதிப்புத்தகமும் இருந்தன.

இரண்டாவது ஆளுக்கு எங்கே போவார்? இரண்டு கையையும் அவரே ஆடினார். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு அட்டை வைப்பார். எழுந்து அந்தப் பக்கம் போய் இன்னொன்று வைப்பார். வாய் மட்டும் ஓயாது. வந்து விழும் ஒவ்வொரு அட்டையையும் நலம் விசாரிப்பார். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

ஒரு சந்தேகம் கேட்க, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கடை நம்பருக்குப் போன் செய்தபோதுதான் போட்டி நடக்கப்போவது தெரிந்தது. ஜெயிப்பவருக்குக் கடையின் ஆட்டக் குழுவில் ஒரு இடம் உண்டு. ஆறு மாதம், ஞாயிறுதோறும், வேறு ஏழு பேரோடு ஆடலாம். மரியசூசை லீவு போட்டுவிட்டு வந்தார். மூன்று வருடமாக இரண்டு பக்கத்துக்கும் அவரே யோசித்துப் பழகியிருந்ததால், எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று அவருக்குத் தெரிந்தது. இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்.

எதிரே ஃபர்சானா. மேலப்பாளையத்துப் பெண், பல் மருத்துவம் படிப்பவள். போன இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்தில் தோற்றவள்.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, அதில் சில விளக்கு அட்டைகள். அட்டையைக் கவிழ்த்தால் அந்த விளக்கு அணைந்ததாகக் கணக்கு. எல்லா விளக்கும் அணைந்தால் தோல்வி. எதிராளியின் வாசலில் காட்டேரி அட்டையை வைக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் அழைக்காமல் அது உள்ளே வராது. அழைத்தால் அவருக்கு மூன்று புது அட்டைகள் கிடைக்கும், பதிலுக்கு ஐந்து விளக்குகள் அணையும். அழைப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. தன் முறை வரும்போதுதான் அழைக்கலாம். வைத்த அட்டையிலிருந்து கையை எடுத்தால்தான் ஒருவரின் முறை முடிந்ததாக அர்த்தம்.

மரியசூசையிடம் அப்போது நான்கே விளக்குகள். ஃபர்சானா காட்டேரியை அவர் வாசலில் வைத்தாள். மேலே சுற்றிய மின்விசிறி அட்டையைத் தூக்கப் பார்த்தது. ஒரு விரலால் அதன் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மரியசூசை அட்டையையே பார்த்தார்.

"ஏன் வாசல்லயே நிக்க? உள்ள வந்து உக்காரு" என்றார்.

ஃபர்சானா துள்ளி எழுந்தாள். "கூப்பிட்டுட்டீங்க அங்கிள்! எல்லா விளக்கும் போச்சு!"

தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் போல அவர் விழித்தார். "கேட்டுல ரெண்டு கையும் நானேதான் ஆடுவேன்மா. பேசிப் பேசிப் பழகிட்டு. எதிர்ல ஆள் இருக்குங்கதே மறந்துட்டு."

ஃபர்சானா மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப நீங்க கூப்பிட்டதை நான் விட்டுடறேன். அது உங்க பழக்கம். ஆட்டத்துல சேராது."

மரியசூசையின் முகம் சுருங்கியது. "வேண்டாம்மா. பாவம் பார்த்து விட்டுத்தர வேண்டாம். வாயாலதான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்டுச்சு. நான் தோத்தாச்சு." சொல்லிக்கொண்டே முதல் விளக்கைக் கவிழ்த்தார்.

கடைக்காரர் காந்திமதிநாதன் இடையில் வந்தார். "இப்படி ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னா எப்படி? கலைச்சுட்டு முதல்லேருந்து ஆடுங்க."

மூவரும் நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் சங்கரவடிவு, கணக்கு டீச்சர். ஆட்டக்காரர்கள் நடுவரோடு பழகக் கூடாது என்பதால் காலையிலிருந்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடும் அங்கேயே. இப்போது எழுந்து வந்தார்.

அழைப்பை மன்னித்துவிட்டேன் என்கிறாள் ஃபர்சானா. அழைப்பு செல்லும் என்கிறார் மரியசூசை. ஆட்டமே செல்லாது என்கிறார் காந்திமதிநாதன். நீங்கள் நடுவராக இருந்தால் என்ன சொல்வீர்கள்? இவர்களில் யார் பக்கம் விதி நிற்கிறது?

விடை: மூவர் பக்கமும் இல்லை. "பழக்கத்துல சொன்னீங்களா, நெனச்சுச் சொன்னீங்களான்னு புத்தகம் கேக்கல, அண்ணாச்சி" என்றார் சங்கரவடிவு. "நீங்க பேசும்போது இந்தப் பொண்ணோட விரல் அட்டை மேல இருந்துச்சு. அவ முறை முடியல. உங்க முறையில சொல்லாதது அழைப்பே இல்ல. அதனால மன்னிக்கவும் ஒண்ணுமில்ல, கலைக்கவும் ஒண்ணுமில்ல. இங்க யாரும் யாருக்கும் விட்டுத்தரல. ஆடுங்க." கவிழ்த்த விளக்கை மரியசூசை நிமிர்த்தி வைத்தார். ஆட்டம் இன்னும் அரை மணி நேரம் நடந்தது. இரண்டு விளக்கு வித்தியாசத்தில் ஃபர்சானா ஜெயித்தாள். கிளம்பும்போது மரியசூசை நடுவரிடம் வந்து தயங்கி நின்றார். "டீச்சர், எதிர்ல உள்ளவங்க யோசிக்கும்போது நாம எங்க பாத்துக்கிட்டு இருக்கணும்? புத்தகத்துல போடலயே." சங்கரவடிவு விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஃபர்சானா திரும்பினாள். "நான் உங்க கையத்தான் பாத்துட்டிருந்தேன், அங்கிள்." "அப்படியா?" என்றார் மரியசூசை. பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.