பருப்புக் குடம்

நயினாருக்கு வயது அறுபத்திரண்டு. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட தவமணியம்மாவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. ஆரம்பத்தில் அது அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, இரண்டு ஓட்டு வீடு. அதை ஆசிரமம் என்று யாராவது சொன்னால் தவமணியம்மாவே சிரித்துவிடுவார். மத்தியானம் நாற்பது பேருக்குச் சாப்பாடு உண்டு. சாயங்காலம் யாரும் வரலாம், எதையும் கேட்கலாம். பதில் சொல்வதும் சொல்லாததும் அம்மாவின் இஷ்டம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு மாதமாக மனசுக்குள் வைத்திருந்த விஷயத்தை நயினார் அன்றுதான் சொன்னார்.

"மருமக வடிவு கோவிச்சுக்கிட்டு அம்பாசமுத்திரம் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாம்மா. மகனும் பின்னாலயே போயிட்டான். வர்ற வெள்ளிக்கிழமை அங்கேயே அவளுக்கு வளைகாப்பு வச்சிருக்காங்க. 'தோணினா வாங்க'ன்னு மகன் ஒரு வரி அனுப்பியிருக்கான். மாமனார்னு ஒரு மரியாதை இல்லை. நான் போகணுமா?"

"வடிவு எதுக்குப் போனா?"

"நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லலை. பருப்பு வேகலைன்னா வேகலைன்னுதானே சொல்லணும்? எட்டு விசில் விட்டாலும் கல்லாத்தான் இருக்கு. என் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பேறிப் போச்சு. சோப்பு கரையுது, நுரை வரலை. தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாத் திட்டு. குளிக்கிற ரூம்ல காலை வச்சா அவ தலைமுடி. என் சம்சாரம் செண்பகம் இருந்த வரைக்கும் பருப்பு வெண்ணெயாக் கரையும். இதே வீடு, இதே அடுப்பு. அதைத்தான் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

நயினார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கைப்பக்குவம்னு ஒண்ணு உண்டு, அதைப் பொறந்த வீட்டுல சொல்லிக் கொடுத்திருக்கணும்னு சொன்னேன்."

தவமணியம்மா சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாளையிலேருந்து இங்க பருப்பு நீங்க வேக வையுங்க ஐயா. பதமா வெந்த அன்னைக்கு ஒரு கிண்ணத்துல எடுத்துட்டு வாங்க. போகலாமா வேண்டாமான்னு அப்போ பேசுவோம்."

இதென்ன பிரமாதம் என்று நயினார் நினைத்தார். பன்னிரண்டு குமாஸ்தாக்களை மேய்த்தவருக்குப் பருப்பு ஒரு விஷயமா?

திங்கட்கிழமை காலை, வழக்கமாகச் சமைக்கும் பேச்சியம்மாள் காய் நறுக்கும் பக்கம் நகர்ந்துகொண்டாள். நயினார் குழாயைத் திறந்து அண்டாவை நிரப்பினார். குழாய் வாயைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. ஊர் முழுக்கப் போர் தண்ணிதான், குழாயெல்லாம் அப்படித்தான் இருக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. துவரம்பருப்பைப் போட்டார், விறகை வைத்தார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பந்தியில் சாம்பார் மேலே தெளிவாகவும் பருப்பு அடியில் தனியாகவும் கிடந்தது. நாற்பது பேரும் நாகரிகமானவர்கள். ரசத்தை இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை முன்கூட்டியே ஊற வைத்தார். மஞ்சள் பொடி போட்டார், விளக்கெண்ணெய் விட்டார், விறகையும் கூட்டினார். பருப்பு அசைந்து கொடுக்கவில்லை. பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். தவமணியம்மா வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை பந்தியில் கறிவேப்பிலை விற்கிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, நயினாரைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்.

"விடுங்க ஐயா. எல்லாம் கைப்பக்குவந்தான். சின்ன வயசுலேயே உங்க வீட்டுல சொல்லிக் கொடுத்திருக்கணும்."

நயினார் கரண்டியை வைத்தார். நேராகத் தவமணியம்மாவிடம் போய் நின்றார்.

"மூணு நாளாப் புகையில வேகறேன். என் கையில என்னம்மா குறை? எங்க ஆத்தா போயி இருபது வருஷமாச்சு. பருப்புக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அவளை எதுக்கு இழு..."

முழுசாகச் சொல்லி முடிக்க அவரால் முடியவில்லை.

"உக்காருங்க," என்றார் தவமணியம்மா.

உட்கார்ந்தார். மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "கை இல்லைம்மா. தண்ணி. இந்த உப்புத் தண்ணியில எவன் போட்டாலும் பருப்பு வேகாது" என்றார்.

"அப்போ பேச்சி எப்படி வேக வச்சா? நீங்களும் ஒரு வருஷமா மத்தியானம் இங்கதானே சாப்பிடறீங்க?"

நயினார் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். பேச்சியம்மாள் இதற்குத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தவள்.

"ஊருணித் தண்ணிங்க. உப்பே இல்லாத மழைத் தண்ணி. குடிக்கக் கேன் தண்ணி வந்தாலும் பருப்புக்கு ஊருணியிலேருந்து ஒரு குடம் வந்தாகணும். பருப்புக் குடம்னே சொல்லுவோம். ஊருல எந்த வீட்டுல இல்லை? இந்த மூணு நாளும் கொண்டுவர வேண்டாம்னு அம்மாதான் சொன்னாங்க."

"எங்க வீட்டுல இல்லையே."

"நல்லாயிருக்கே. செண்பகத்தக்காவும் நானும் தினமும் ஒண்ணாத்தானே போவோம்? உங்க வெள்ளைச் சட்டைக்குக்கூடக் கடைசி அலசல் குடத்துல மிஞ்சின தண்ணியிலதான். தட்டைப் புளி போட்டுத் தேய்ப்பாங்க."

நயினார் பித்தளை அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊருணிக் கரையில் ஒரு பிள்ளையார் உண்டு. செண்பகம் தினமும் காலையில் பிள்ளையாரைப் பார்க்கத்தான் போகிறாள் என்று முப்பத்தோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். "பிள்ளையாருக்கும் உனக்கும் அப்படி என்ன பேச்சு?" என்று கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தை இறக்குவாள். இடுப்பில் குடம் இருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் போன பிறகு, மகன் கல்யாணத்துக்கு முன்னால் சமையல்கட்டுக்குள்ளேயே குழாய் போட்டார். அந்தக் குடத்தைப் பரணில் தூக்கி வைத்தார். வடிவு வந்த அன்று, "ஆத்தங்கரையில வளர்ந்த பொண்ணு நீ. இங்க குடமெல்லாம் தூக்க வேண்டாம்மா, திருகினாத் தண்ணி" என்று பெருமையாகச் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார்.

"அவகிட்ட யாருமே சொல்லலையா பேச்சி?"

"தெரியும்னு நினைச்சிருப்பாங்க. வீட்டுல இருந்த உங்களுக்கே தெரியாதுன்னு யாரு கண்டா?"

நயினார் மூலையில் இருந்த குடத்தை எடுத்தார். பேச்சியம்மாள் கை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு ரிட்டையர்டு தலைமை எழுத்தர் தோளில் குடத்தோடு வருவதை ஊருணிக் கரையில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். பாதித் தண்ணீர் சட்டையிலேயே போயிற்று. மறுபடியும் போனார்.

அண்டாவில் மிச்சம் கிடந்த பருப்பிலிருந்து பழைய தண்ணீரை வடித்துவிட்டு, ஊருணித் தண்ணீரை ஊற்றி அடுப்பை மூட்டினார். கொதி வந்தது. கரண்டியால் எடுத்து நசுக்கினார். அப்படியே கல்லாக இருந்தது.

"பேச்சி, இதுவும் வேகலையே" என்றார்.

"உப்புத் தண்ணியில அவ்வளவு நேரம் கொதிச்சதுங்க. நல்ல தண்ணி ஊத்தின உடனே இளகிடுமா? நில்லுங்க."

நின்றார். உட்கார மணை போட்டாள், உட்காரவில்லை. கிண்டிக் கிண்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். கொட்டகை நிழல் வேலி வரைக்கும் நீண்ட பிறகுதான் பருப்பு மெல்ல மலர்ந்து கொடுத்தது.

ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தவமணியம்மாவிடம் வந்தார். அம்மா ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினார்.

"வெந்திருச்சு. இப்போ கேளுங்க."

"போகணுமான்னு இனிமே கேக்கலைம்மா. போறேன். இன்னைக்கே பரணிலேருந்து குடத்தை இறக்கிடுவேன். அவளைத் தூக்கச் சொல்ல மாட்டேன், நான்தான் தூக்கணும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா பயமா இருக்கு. அவ அம்மாவையும் சேர்த்துல்ல பேசிட்டேன். நான் போயி தப்புன்னு சொன்ன பிறகும் வடிவு முகம் கொடுக்கலைன்னா?"

"நல்ல தண்ணி ஊத்தின பிறகு அடுப்படியில எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்மா."

"பருப்பு மேல கோவம் வந்துதா?"

"இல்லைம்மா."

தவமணியம்மா கிண்ணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அவ வாசல்லயும் அப்படியே நில்லுங்க ஐயா."