தெற்குக் கோட்டை

தாணுமூர்த்தி அண்ணாச்சிக்கு அறுபத்திரண்டு வயது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எஸ்தர் டீச்சரிடம் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். டீச்சருக்கு முப்பத்தொன்று. சிஷ்யருக்குப் பணிவிலும் குறைவில்லை, கோபத்திலும் குறைவில்லை.

எஸ்தர் எழுதிய மென்பொருளில் நிலம், படை, விதி என எதையும் யாரும் மாற்றிப் புது விளையாட்டு செய்துகொள்ளலாம். இரண்டு பேர் மாறி மாறி ஆட வேண்டும். அண்ணாச்சி இரண்டு வருடம் உழைத்து அதில் 'இரட்டைக் கோட்டை' என்ற போர் விளையாட்டைச் செய்து வெளியிட்டிருந்தார்.

அன்று காலை செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், தூத்துக்குடியில யாரோ செல்வக்கனியாம். என் விளையாட்டுல கையை வச்சுட்டாங்க. இப்ப எல்லாரும் அவங்க மாத்தினதைத்தான் ஆடுறாங்க. இனி யாரும் தொடாதபடி பூட்டிருங்க. இல்லைன்னா நான் இதோட நிறுத்திக்கிடுதேன்."

"பூட்டிரலாம். முதல்ல உங்க பழைய விளையாட்டை ஒரு ஆட்டம் போடுவோம். நீங்க தெற்குக் கோட்டை."

"நான் எப்பவும் வடக்குல்லா."

"இன்னைக்குத் தெற்கு."

வடக்குதான் முதலில் நகரும். எஸ்தர் எடுத்த எடுப்பிலேயே நடுவிலிருந்த பாலத்தைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் கோட்டை விழுந்தது. அடுத்த ஆட்டத்தில் அதைவிடச் சீக்கிரம் விழுந்தது. மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தெற்கால பாலத்துக்கு வரவே முடியலையே. ரெண்டு வருஷமும் நான் வடக்குல இருந்துதானே ஆடிப் பார்த்தேன்."

எஸ்தர் செல்வக்கனி மாற்றியதைத் திறந்தார். மாறியிருந்தது ஒரே ஒரு விதி. முதல் நகர்வில் மட்டும் தெற்குப் படை இரண்டு கட்டம் கூடுதலாகப் போகலாம். உருவாக்கியவர் என்ற இடத்தில் அண்ணாச்சியின் பெயர் அப்படியே இருந்தது. திருத்தியவர் பெயர் கீழே, சின்ன எழுத்தில்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முகம்கூடத் தெரியாத புள்ள. கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு டீச்சர்."

எஸ்தர் பழைய விளையாட்டை இதுவரை ஆடியவர்களின் பட்டியலைத் திறந்து காட்டினார்.

"நானூறு பேர் ஆடியிருக்காங்க. ஒருத்தராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்லா?"

"தெற்குல ஆடினவங்க ஒரு தடவை தோத்ததும் மூடிட்டுப் போயிட்டாங்க அண்ணாச்சி. இந்தச் செல்வக்கனி பதினேழு தடவை தோத்திருக்காங்க."