மீன் தின்னும் கருடன்

நம்பி சாமிக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. அவருடைய சீடர் வடமலையோ பேரன் பேத்தி எடுத்தவர். குருவைவிடச் சீடருக்கு ஆசாரம் அதிகம். அதனால் அந்த மடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை.

மடத்தை ஒட்டிய பெருமாள் கோயிலில் பங்குனியில் குடமுழுக்கு. கலசத்தில் தீர்த்தம் விழும்போது மேலே கருடன் வட்டமிட வேண்டும். வராவிட்டால் ஊர்வாய் சும்மா இருக்காது. "கருடன் வருவாரு, நான் பொறுப்பு" என்று ஊர்க்கூட்டத்தில் வடமலை மார்தட்டியிருந்தார்.

இதற்கிடையில் ஒரு தொல்லை. பிராகாரச் சுவரை ஒட்டிய குளக்கரை மருதமரத்தில் ஒரு ஜோடிப் பருந்து கூடு கட்டியிருந்தது. அவை தின்ற மீனின் முள்ளெல்லாம் பிராகாரத்தில் விழுந்தது. வடமலை காலையும் மாலையும் கழுவிவிட்டுப் பொருமினார். ஒருநாள் மரம் வெட்டுகிற மாசானத்தைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"சாமி, நல்ல காரியம் நடக்கப்போற எடத்துல மீன்முள்ளு கெடக்கலாமா? மரத்த எடுத்துரட்டுமா?"

"எடுத்துருவோம். அதுக்குள்ள நீரு போயி கருடனை அழைச்சிட்டு வந்துரும். அழைக்காம எப்படி வருவாரு?"

"எங்க போயி அழைக்க?"

"அவரு எங்க இருக்காரோ அங்க. வெள்ளைத் தலை, செங்கல் நிறத்துல றெக்கை. பாத்தாத் தெரிஞ்சிரும்."

குரு சொல்லைத் தட்ட முடியுமா? "நீ வேலைய ஆரம்பி" என்று மாசானத்திடம் சொல்லிவிட்டு வடமலை ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பக்கத்து ஊர்க் குளம் வீட்டுமனையாகி, கல் நட்டுக் கிடந்தது. அடுத்த குளத்தில் தண்ணீர் இருந்தது.

"கருடனா?" என்றார் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர். "வயல்ல அடிக்கிற மருந்தெல்லாம் இங்கதான் வடியுது. மீனே செத்து மெதக்கு. அதத் திங்க வந்தது மட்டும் பொழைக்குமா?"

அதற்கும் அப்பால், சாலையை அகலப்படுத்தியதில் நெடுமரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டீக்கடை அம்மாள் சிரித்தாள்.

"நான் கல்யாணமாகி வந்தப்போ கருடன் கூட்டங்கூட்டமாச் சுத்தும். இப்ப ரெண்டே ரெண்டுதான். அதுவும் உங்க கோயில் மருதமரத்துல கூடு கட்டியிருக்குல்லா?"

"அது பருந்துல்லா?"

கேட்ட வாயை வடமலை மூடவில்லை. இத்தனை நாளும் குனிந்து முள்ளைப் பார்த்தாரே தவிர, ஒருநாளாவது நிமிர்ந்து பறவையைப் பார்த்தாரா? டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரை விரட்டினார். "பெருமாளே, மரம் நிக்கணும்" என்று வழிநெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மரம் நின்றது. அடியில் மாசானம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். நம்பி சாமி கரண்டியோடு பக்கத்தில் நின்றார்.

"ஏறவே விடமாட்டேங்காரு ஐயா! புளியோதரை முடிஞ்சா தயிர்சாதம், தயிர்சாதம் முடிஞ்சா மறுபடியும் புளியோதரை. இந்த வயித்தோட நான் எப்படி மரமேறுவேன்?"

வடமலை நிமிர்ந்து பார்த்தார். கூட்டின் விளிம்பில் வெள்ளைத் தலை தெரிந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

"அழைச்சாச்சா, வடமலையாரே?" என்றார் சாமி.

வடமலை மாசானத்தின் அரிவாளை எடுத்து ஒளித்துவைத்தார்.

குடமுழுக்கு அன்று ஊரே திரண்டது. மேளம் உச்சத்தில் இருந்தபோது, கோபுரத்துக்கு மேலே செங்கல் நிறச் சிறகு விரிந்தது. "கருடா! கருடா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தீர்த்தம் விழுந்தது. வடமலையும் ஆனந்தமாக அண்ணாந்தவர், அப்படியே திகைத்துப்போனார்.

"சாமி," என்று குருவின் காதோரம் குனிந்தார். "காலுல ஒரு மீனைத் தூக்கிட்டுல்லா சுத்துதாரு!"

நம்பி சாமி தலைமேல் குவித்த கையை இறக்கவே இல்லை.

"கூட்டுல குஞ்சு இருக்குல்லா. மரத்துல செஞ்ச கருடனுக்குத்தான் வடமலையாரே, பசிக்காது."