வள்ளிக்கிழங்கு தின்று அலுத்த காடு

ஊசிப்பாறைக் காட்டில் வேலாத்தாள் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். வள்ளிக்கிழங்கு தோண்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூக்கை மண்ணில் வைத்து ஒரு தடவை உறிஞ்சினால் போதும், கிழங்கு எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

ஒருநாள் அவள் குளத்தில் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு கூழைக்கடா 'தொபுக்கடீர்' என்று தண்ணீரில் வந்து விழுந்தான். பெயர் தோணியப்பன். அலகுக்குக் கீழே தொங்கிய பை நிறைய ஈச்சம்பழம்!

"தங்கச்சி, கடலோரக் காட்டுச் சரக்கு! ஒன்று தின்று பார்!"

தின்றாள். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"ஐயோ! இத்தனை நாள் இது இல்லாமலா உயிரோடிருந்தேன்!"

"கிழங்கைக் கொடு, பழத்தை எடுத்துக்கொள். அங்கே கிழங்கென்றால் உயிரை விடுகிறார்கள்!"

அன்றிலிருந்து காடே களைகட்டியது. தோணியப்பன் கிழங்கோடு பறந்தான், பழத்தோடு திரும்பினான். பல்வலியில் மூன்று மாதமாக அலறிய கரடி மொக்கராசுவுக்குக் கடலோரத்து இலை ஒன்று கொண்டுவந்தான். அதை மென்ற மறுநாளே கரடி குளத்தைச் சுற்றிக் குட்டிக்கரணம் போட்டான். கடலோரத்துப் பாட்டும் வந்து சேர்ந்தது. பாதி வார்த்தை யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் தொண்டை கிழியப் பாடினார்கள்!

"இன்னும் கிழங்கு வேண்டும்! இன்னும்!" என்றான் தோணியப்பன்.

வேலாத்தாளின் கண் முயல் செவந்தியின் கீரைப் பாத்தி மேல் விழுந்தது.

"கீரையைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு நடுவோம், செவந்தி! கீரையைத்தான் அண்ணன் அங்கேயிருந்து கொண்டுவருவாரே!"

"கொண்டுவராவிட்டால், அக்கா?"

"சும்மா இரடி! நல்ல நேரத்தில் அழுமூஞ்சித்தனமாகப் பேசாதே!"

கீரை போனது. கூடவே காளான் மேடும் நெல்லிப் புதரும் போயின. பார்த்த இடமெல்லாம் கிழங்குக் கொடி.

மழைக்காலம் முடிந்ததும் தோணியப்பன் வெறும் பையோடு வந்தான்.

"கோபித்துக்கொள்ளாதே, தங்கச்சி. கடலோரத்துப் பன்றிகள் தாங்களே கிழங்கு போட ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றும் உன் தலை பருமன்! இனி உன் கிழங்கு அங்கே வேண்டாமாம்."

அப்புறம் என்ன? காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, அந்தியில் கிழங்கு! எல்லார் வயிறும் பானையாக உப்பியது. மொக்கராசு நடந்தால் பின்னால் இடி இடித்தது. மழை வருகிறதென்று குருவிகள் கூட்டுக்குள் ஓடின. செவந்தியின் குட்டிகள் கீரை கேட்டு அழுதன. செவந்தி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வேலாத்தாளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அண்ணே, என்னை அங்கே தூக்கிக்கொண்டு போங்கள். நானே பேசுகிறேன்!"

"உன்னையா? என் பை கிழிந்துபோகும்!"

"முள்ளை மடக்கிக்கொள்கிறேன். ஒன்றுகூட நிமிராது!"

பைக்குள் ஒரே மீன் வாடை. கடலோரம் நெருங்கும்போது அவள் மூக்கு அரித்தது.

"அண்ணே... தும்மல் வருகிறது..."

"அடக்கு! அடக்கு!" என்று அலகைத் திறக்காமலே முனகினான் தோணியப்பன்.

"ஹச்ச்!"

அத்தனை முள்ளும் நிமிர்ந்தன! தோணியப்பன் அலறிக்கொண்டு வானத்தில் மூன்று சுற்றுச் சுற்றினான். வாய் பிளந்தது. வேலாத்தாள் பன்றிகளின் சேற்றில் 'சொத்'தென்று விழுந்தாள்.

"யாரம்மா அது, வானத்திலிருந்து முள்ளோடு விழுவது?" என்று ஓடிவந்தாள் பன்றித் தலைவி மூக்காயி.

சண்டை போடத்தான் வேலாத்தாள் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் சுற்றிலும் பார்த்துவிட்டாள். கரையெல்லாம் கிழங்குக் கொடி. பன்றிகள் எல்லாருக்கும் பானை வயிறு!

"ஈச்ச மரமெல்லாம் எங்கே?"

"சாய்த்துவிட்டுக் கிழங்கு போட்டோம். ஓரத்தில் நாலு மரம்தான் மிச்சம். கிழங்கு வந்த மாதிரியே பழமும் உங்கள் காட்டிலிருந்து வரும் என்று நினைத்தோமே!"

"எங்கள் காட்டில் ஈச்ச மரமே கிடையாதே!"

இருவரும் பக்கத்தில் வந்து இறங்கியிருந்த தோணியப்பனைப் பார்த்தார்கள்.

"எது எங்கே விளைகிறது என்று என்னை யார் கேட்டார்கள்?" என்றான் அவன், பையைத் தடவிக்கொண்டே.

மூக்காயி முதலில் சிரித்தாள். பிறகு வேலாத்தாளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சேற்றில் உருண்டார்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்கள். அவரவர் வயிற்றுக்கு வேண்டியது அவரவர் மண்ணில் இருக்க வேண்டும். மிஞ்சியது மட்டும் பறக்கட்டும் என்று முடிவானது. மூக்காயி ஒரு பிடி கீரை விதையும் கொடுத்தாள்.

வேலாத்தாள் வீடு திரும்பியதும் செவந்தியின் பாத்தியிலிருந்த கிழங்குக் கொடியைத் தன் கையாலேயே பிடுங்கினாள். விதையைத் தூவினாள்.

"தப்பு என்னுடையதுதான், செவந்தி" என்றாள்.

"தண்ணீர் ஊற்றுங்கள், அக்கா. அப்புறம் பேசலாம்" என்றாள் செவந்தி.

கீரை தளதளவென்று வந்தது. குட்டிகள் வாய் நிறைய மென்றன. அந்த வருஷம் நாலு மரத்து ஈச்சம்பழம்தான் வந்தது. ஆளுக்கு ஒன்றே ஒன்று. அதை ஒரு நாள் முழுக்கச் சப்பிக்கொண்டு காடே ஆடிப் பாடியது!

உலகத்தோடு கொடுத்து வாங்கினால் வாழ்வு இனிக்கும். ஆனால் சொந்த மண்ணில் விளைவதை அழித்துவிட்டு அடுத்தவர் கையையே நம்பியிருந்தால் அந்த இனிப்பே பட்டினியாக முடியும்.