துளைக்குள் ஒரு முறை

"அக்காவுக்கு ஆளே அடையாளம் தெரியலையாம். இப்போ போய் ஒரு தடவை பார்த்து என்ன ஆகப்போகுது, டீச்சர்?"

கேட்டவர் ஞானசிகாமணி. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் டீச்சர் என்று அழைத்த ரெஜினாவுக்கு வயது முப்பத்து நான்கு. தூத்துக்குடியில் வானொலிப் பெட்டி செய்கிறவள். அவளிடம் அவர் வானொலிக்கான ‘காயில்’, அதாவது கம்பிச் சுருள், சுற்றக் கற்றுக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா பேச்சில்லை, அண்ணாச்சி?"

"பத்தொன்பது. ஒரு சுவர்த் தகராறு."

"இப்போ எங்கே இருக்காங்க?"

"பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில. இன்னைக்கோ நாளைக்கோங்கிறாங்க."

ரெஜினா கையை நீட்டினாள். அவர் சுற்றி முடித்திருந்த வளையத்தை வாங்கினாள். மோதிரம் அளவுள்ள கறுப்பு வளையம், இரும்புத்தூளை இறுக்கிச் செய்தது. அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி.

"எத்தனை சுற்று?"

"நீங்க சொன்ன ஒன்பது."

"பத்து இருக்கு."

"முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்."

"பிள்ளைங்க பாவம்."

அவர் சிரிக்கவில்லை.

"முதல்ல கம்பியைத் துளைக்குள்ள விட்டீங்களே, அதை எண்ணினீங்களா?"

"அது சும்மா நுழைச்சது. அதுக்கப்புறம்தானே சுற்றவே ஆரம்பிச்சேன்?"

"சும்மாவா?"

அவள் ஒரு சாண் கம்பியை வெட்டினாள். இரு முனைகளையும் பிளேடால் சுரண்டி, காயிலின் மின்தூண்டலை அளக்கும் மீட்டரின் க்ளிப்புகளில் மாட்டினாள்.

பூஜ்யம்.

ஒரு முனையைக் கழற்றினாள். கம்பியை வெறும் வளையம் ஒன்றின் துளை வழியே நேராக விட்டு, மறுபடியும் மாட்டினாள். வளையத்தை விரலால் பிடித்துக்கொண்டாள். துளையின் நடுவே, எங்கும் படாமல், கம்பி போயிற்று.

எண் ஏறியது.

ஞானசிகாமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"சுற்றவே இல்லையே."

"இல்லை."

"தொடக்கூட இல்லை."

"இல்லை."

வளையத்தை எடுத்துவிட்டுக் காட்டினாள். பூஜ்யம். திரும்பவும் கோத்து அவரிடமே கொடுத்தாள்.

எண் வந்து நின்றது. அவர் வளையத்தைச் சற்று ஆட்டிப் பார்த்தார். எண் ஆடவில்லை.

வெளியே ஒரு லாரி போய் ஓயும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே போறது யாருன்னு இதுக்குத் தெரியுமா, டீச்சர்?"

"தெரியாது, அண்ணாச்சி. ஒரு தடவை உள்ளே போனாலே ஒரு சுற்றாக் கணக்குல வந்துரும்."

அவர் வளையத்தை மெல்ல மேஜையில் வைத்தார். குழந்தையைக் கிடத்துவதுபோல.

"பாளையங்கோட்டை பஸ் எப்போ?"

"நடந்தா போயிரும்," என்றாள் ரெஜினா. "ஓடுங்க."