மேசைத் தட்டலில் போன ஐந்து நிமிடம்

எந்த மாநிலம், எந்த ஆட்சி என்று தேட வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

படுக்கையில் கிடக்கும் உறவினரை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவருக்கு அந்த மாநிலத்தில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. வீட்டில் சம்பாதிக்கும் வேறொருவர் இருந்தால் இனி அது கிடையாது என்று ஒரு திருத்த மசோதா வந்தது. பகல் ஒரு மணிக்குள் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்றார் சபாநாயகர். இருந்த ஒரு மணி நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரித்தார்கள். பிரதான எதிர்க்கட்சிக்கு இருபது நிமிடம். தன் கட்சியின் ஒரே உறுப்பினரான சகாயராணிக்கு ஐந்து. ஒருவர் தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம், வாங்குபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. அந்த அவையின் பழைய வழக்கம் அது.

சகாயராணி அந்த ஐந்து நிமிடத்தை நம்பி ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் தொகுதியைச் சேர்ந்த முத்துப்பேச்சிதான் அவள். பனையிலிருந்து விழுந்த அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முத்துப்பேச்சி வீட்டிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்கிறாள்; தங்கை தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள். உதவித்தொகை நின்றால் முத்துப்பேச்சியும் ஆலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"பெருசா ஒண்ணும் பேச வேண்டாம்க்கா" என்றிருந்தாள் அவள். "சம்பாதிக்கிறவ வேலைக்குப் போயிட்டா எங்கண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்கிறது யாருன்னு மந்திரிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. போதும்."

"கேட்டுட்டுத்தான் ஊருக்கு வருவேன்" என்றார் சகாயராணி.

மசோதாவை எடுத்ததுமே எதிர்க்கட்சித் தலைவர் அழகியநம்பி எழுந்தார். "ஏழை வயிற்றில் அடிக்க ஒரு மணி நேரம் போதுமா? கல்யாணத்தில் போட்டோ எடுக்கவே இதைவிட நேரமாகும்!"

"போட்டோவுக்கு நிற்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை" என்றார் ஆளுங்கட்சிக் கொறடா துரைக்கண்ணன்.

கூச்சல் எழுந்தது. சில நிமிடங்கள் அதிலேயே கரைந்தன. பிறகு அழகியநம்பி தன் கட்சியினருடன் வெளிநடப்புச் செய்தார். போகும் வழியில் சகாயராணியின் இருக்கை அருகே ஒரு கணம் நின்றார்.

"நீங்களும் வாங்கம்மா."

"நான் பேசணும் சார்."

"அஞ்சு நிமிஷத்துலயா?" சிரித்துவிட்டுப் போனார். வெளியே கேமராக்கள் காத்திருந்தன. அங்கே நேரக் கட்டுப்பாடு கிடையாது.

ஆளுங்கட்சியினர் மசோதாவை வரவேற்றுப் பேசி முடித்தார்கள். அடுத்தது சகாயராணி. அப்போது ஆளுங்கட்சி உறுப்பினர் வைகுண்டமணி, அடுத்த தொகுதிக்காரர், மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க நேரத்தை எனக்குக் குடுங்க."

"ஏன், உங்க கட்சியில குடுக்கலியா?"

"எதிர்த்துப் பேச எவன் குடுப்பான்? நீங்க கேட்டா மந்திரி சிரிச்சிக்கிட்டே உக்காந்திருவாரு. சொந்தக் கட்சிக்காரன் கேட்டா பதில் சொல்லணும். எங்க ஆளுங்க நெறைய பேருக்கு இதுல மனசில்ல. ஒருத்தன் ஆரம்பிச்சா அந்தப் பிரிவையே எடுத்துருவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முத்துப்பேச்சியின் கேள்வியை அவரை இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு, சகாயராணி நேரத்தை விட்டுக்கொடுத்தார்.

வைகுண்டமணி எழுந்தார். தலைவரை வணங்காமல் அந்தக் கட்சியில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. அவரும் தொடங்கினார். "வாழும் வரலாறாம் எங்கள் தலைவரை வணங்கி…"

எதற்காக எழுந்திருக்கிறார் என்று கொறடாவுக்குப் புரிந்துவிட்டது. மேசையைத் தட்டினார். ஆளுங்கட்சி வரிசை முழுவதும் தட்டியது. முதல் வரிசையில் தலைவரே கைகூப்பி அமர்ந்திருக்கும்போது, தட்டுவதை முதலில் நிறுத்தும் துணிச்சல் யாருக்கு வரும்? ஒருவழியாக ஓய்ந்தது. "அவருடைய பொற்கால ஆட்சியிலே…" என்று பழக்க தோஷத்தில் தொடர்ந்தார் வைகுண்டமணி. மறுபடியும் தட்டல், முன்னைவிட நீளமாக. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வீட்டில் சம்பாதிப்பவர் வேலைக்குப்…" என்று அவர் விஷயத்துக்கு வந்தபோது மணி அடித்தது. மைக் அணைந்தது.

சகாயராணி எழுந்தார். "ஐயா, நான் கொடுத்தது பேசுவதற்கு, தட்டுவதற்கு அல்ல. என் நேரத்தைத் திருப்பித் தாருங்கள்."

"தட்டலும் உறுப்பினர் நேரத்தில்தான் சேரும். கொடுத்ததைத் திரும்பப் பெற விதியில்லை, அம்மையாரே" என்றார் சபாநாயகர்.

குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. வைகுண்டமணியும் தலையைக் குனிந்தபடி "ஆம்" என்றார்.

உறுப்பினர்கள் உணவகத்துக்குப் போனபோது அங்கே இலைகூடப் போட்டிருக்கவில்லை. "ஒரு மணிக்குத்தான் வருவீங்கன்னு சொன்னாங்க, கொஞ்சம் உக்காருங்க சார்" என்றார் பரிமாறுபவர்.

வராந்தாவில் சகாயராணியின் செல்போன் அடித்தது.

"கேட்டீங்களாக்கா?"

அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். "இருங்கக்கா, அண்ணனைப் புரட்டிப் போட்டுட்டு வாரேன்" என்றாள் முத்துப்பேச்சி. அவள் திரும்பி வரும்வரை சகாயராணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்குக் கொடுத்த நேரத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்த சகாயராணியா, வணக்கத்தை விட முடியாத வைகுண்டமணியா, தட்டத் தொடங்கிய கொறடாவா, மணியடித்த சபாநாயகரா? முத்துப்பேச்சியின் கேள்வி அவையில் ஒலிக்காமல் போக யார் முதல் காரணம்?

விடை: நால்வருக்கும் பங்குண்டு. ஆனால் முதல் காரணம் அவர்களில் யாரும் இல்லை. உணவகத்தில் இலை போடாததைக் கவனித்தீர்களா? ஒரு மணி ஆவதற்கு முன்பே அவை முடிந்துவிட்டது. அதாவது நேரம் மிச்சம் இருந்தது. வெளிநடப்புச் செய்த எதிர்க்கட்சியின் பங்கு அது. சகாயராணியின் இருக்கை அருகே நின்ற அந்தக் கணத்தில் "எங்கள் நேரம் இந்த அம்மாவுக்கு" என்று அழகியநம்பி சொல்லியிருந்தால், வைகுண்டமணி ஐந்து நிமிடமும் வணங்கி முடித்த பிறகுகூடக் கேள்வி கேட்கப்பட்டிருக்கும். நேரம் போதாது என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர், இருந்த நேரத்தைத் தன்னோடு வெளியே கொண்டுபோய்விட்டார். மறுநாள் பத்திரிகைகளில் வெளிநடப்புப் படம்தான் பெரிதாக வந்தது. அதில் அவர் கைக்கடிகாரத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.